எல்லாரும் கட்டபொம்மன்தான்

எங்கள் தூத்துக்குடிக்காரர்களுக்குக் காற்று வாங்க ரோச் பூங்கா, வீரம் வாங்கப் பாஞ்சாலங்குறிச்சி. முதலாவதுக்கு நடந்தே போய்விடலாம். ஒரு பொட்டலம் கடலை வாங்கினால் போதும், கடல்காற்று இலவசம். இரண்டாவதுக்கு விடியக்காலையில் எழுந்து புளிச்சோறு கிண்டி, வாழையிலையில் கட்டி, பஸ் ஏறி, போகிற வழியெல்லாம் சிவாஜி கணேசன் வசனத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

பாஞ்சாலங்குறிச்சியைப் பூங்கா என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். அது நினைவுக் கோட்டை. 1974-ல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது தமிழக அரசு கட்டியது. மதில், வாசல், மண்டபம், மண்டபச் சுவரெல்லாம் கட்டபொம்மன் கதையைச் சொல்லும் ஓவியங்கள். வளாகத்திலேயே கட்டபொம்மனின் குலதெய்வம் வீரசக்கதேவிக்குக் கோயில். ஜக்கம்மா என்றால்தான் எங்களுக்குச் சட்டென்று புரியும். எல்லாம் சரி. ஆனால் இந்த ஐம்பது வருஷத்தில் ஜனங்கள் அங்கே போய்ச் செய்த காரியங்களைச் சொன்னால் பூங்காவில் செய்கிற காரியங்கள்தான் வரும். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பது, பிள்ளைகளை ஓடவிடுவது, நிழல் கண்ட இடத்தில் துண்டை விரித்துச் சாய்வது, கிளம்பும்போது சுவரில் காதலி பெயரைக் கீறிவிட்டு வருவது. கட்டபொம்மன் பெயரை அழிக்க நினைத்தது கிழக்கிந்தியக் கும்பினி. அவர் சுவரில் 'சுமதி' என்று எழுதியது நாம்.

1974 எங்கள் ஊருக்கு யோகமான வருஷம். ஜூலை 11-ம் தேதி தூத்துக்குடி புதுத் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதே வருஷம் கரிசல் பக்கம் கோட்டை எழுந்தது. கடல் பக்கம் வருங்காலம், கரிசல் பக்கம் இறந்தகாலம், இரண்டும் சிமெண்டில். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. மீதிப் பேருக்குக் கோட்டையைப் பார்க்கப் போக நேரம் கிடைத்தது.

கோட்டை திறந்த புதுசில் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா கூட்டிப்போனார்கள். அரை டிராயர்க் கூட்டம் ஒரு பஸ் நிறைய. புதியம்புத்தூர் வழியாகப் போனோம். அப்போதே அங்கே வீட்டுக்கு வீடு தையல் மிஷின் சத்தம் கேட்கும். இன்று தென்மாவட்டத்துப் பிள்ளைகளின் ரெடிமேட் சட்டையில் பாதி அந்த ஊர்ச் சரக்கு. அதைத் தாண்டினால் கரிசல் காடு. பருத்தி, கம்பு, உளுந்து, நடுவில் உடைமரம், மறுபடி பருத்தி. கண்ணுக்கெட்டிய தூரம் மேடு என்று ஒன்று கிடையாது. அந்தத் தட்டைக் காட்டில் திடீரென்று ஒரு கோட்டை வாசல் தெரிந்ததும் பஸ்ஸே எழுந்து நின்று கத்தியது.

வரலாற்று சார் எங்களை மதிலோரம் வரிசையாக நிறுத்தினார். சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். "ஏல, தொட்டுப் பாருங்கலே. பீரங்கிக் குண்டு வாங்கின சுவருலே இது." நாங்களும் தொட்டோம். சுண்ணாம்பு கையில் ஒட்டியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது என்பது சத்தியம்.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ரொம்ப நேரமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"வாத்தியாரய்யா, இது போன வருசம் சிமிட்டி கொழச்சுக் கெட்டுனது. எங்க ஊர் ஆளுகளும்லா கெட்டுனோம். பழசு அந்தா கெடக்கு."

"எங்கய்யா?"

"அந்தா, அந்த உடைமரத்துக்கு அங்கிட்டு, மேடு மாதிரி தெரியுதுல்லா."

சார் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். ஒரு மண்மேடு, கொஞ்சம் முள், அதன்மேல் ரெண்டு ஆடு. சார் கையைத் தட்டிச் சுண்ணாம்பை உதறினார். "சரி சரி, எல்லாரும் சாப்பிட உக்காருங்கலே" என்றார். பாடம் முடிந்தது.

சாப்பிட்ட பிறகுதான் உண்மையான நிகழ்ச்சி. மாறுவேடம் கிடையாது, வேஷம் மட்டும் உண்டு. யார் கட்டபொம்மன் என்று சார் கேட்டதும் அத்தனை கையும் மேலே போனது. கட்டபொம்மன் படம் வந்தது 1959-ல். எங்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய வசனம் ஒருத்தனுக்கும் தப்பாது. கோயில் கொடை, கல்யாண வீடு, காதுகுத்து எங்கே ஒலிபெருக்கி கட்டினாலும் அந்த ஒலிச்சித்திரம்தான். தாலாட்டுக்கு அடுத்தபடி எங்கள் காதில் விழுந்த தமிழ் அதுதான் என்று சொன்னால் மிகையில்லை. கட்டபொம்மன் வீட்டில் பேசியது தெலுங்கு என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அவரை அந்த இடத்திலேயே கயத்தாற்றுத் தூக்குமரத்துக்கு அனுப்பியிருப்போம்.

ஜாக்சனாக ஒருத்தனும் வரமாட்டேன் என்றான். வகுப்பிலேயே கொஞ்சம் சிவப்பாகப் பிறந்த பாவத்துக்கு ஒருத்தனைப் பிடித்து ஜாக்சனாக்கினோம். 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் முன்னால் கட்டபொம்மன் நின்ற காட்சி. பத்துப் பதினைந்து கட்டபொம்மன்கள் வரிசையாக வந்து அவனைத் திட்டிவிட்டுப் போனார்கள். பாவம், கடைசியில் ஜாக்சன் அழுதுவிட்டான். எட்டப்பன் வேஷத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அம்மாவுக்கு எட்டயபுரம் என்று எப்போதோ வாய்தவறிச் சொன்ன ஒருத்தன் இருந்தான். "எங்க ஊர்லதாம்லே பாரதியார் பொறந்தாரு" என்று அவன் கத்திப் பார்த்தான். முத்துசுவாமி தீட்சிதர் சமாதியும் அங்கேதான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பான். எடுபட்டிருக்காது. பாளையக்காரர்களில் எட்டயபுரத்தார் கும்பினி பக்கம் நின்றார்கள். அதற்கு 1970-களில் ஒரு ஆறாம் வகுப்புப் பையன் வட்டியோடு கட்டினான். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றுவிட்ட அவனை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கும் 'எட்டப்பா, குட்மார்னிங்' என்றுதான் எழுப்புகிறோம்.

அன்று ஊமைத்துரையாக ஒருத்தனும் கை தூக்கவில்லை. ஊமைக்கு என்ன வசனம் இருக்கிறது?

அங்கேதான் விஷயமே இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை என்று நாம் மார்தட்டுகிற சமாசாரத்தில் பெரும்பங்கு அந்தப் பேசாத தம்பியுடையது. 1799 செப்டம்பர் 5-ல் கும்பினி அதிகாரி பானர்மேனின் படை கோட்டையைத் தாக்கியது. கும்பினிக்கு இழப்பு கடுமை. ஆனாலும் பெரிய பீரங்கிகள் வருமுன் கட்டபொம்மன் கோட்டையை விட்டுப் போய்விட்டார். பிறகு புதுக்கோட்டைப் பக்கம் பிடிபட்டு, அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கு. கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். தம்பி குமாரசாமி, அதாவது ஊமைத்துரை, பாளையங்கோட்டைச் சிறையில். கதை அத்துடன் முடிந்தது என்றுதான் மதராஸில் நினைத்தார்கள்.

1801 பிப்ரவரி 2-ம் தேதி ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பினார். விறகு விற்பவர்கள் போல வேஷம் போட்டு ஆட்கள் உள்ளே புகுந்தார்கள் என்பார்கள். ஒரு வாரம் கழித்துக் கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சி முன்னால் வந்து நின்றபோது அவர்கள் இடித்த கோட்டை எழுந்து நிற்கிறது! டெண்டர் இல்லை, மதிப்பீடு இல்லை, அடிக்கல் நாட்டு விழா இல்லை, கல்வெட்டில் யார் பெயர் மேலே என்ற தகராறு இல்லை. கரிசல் மண்ணும் ஜனங்களும் மட்டும். ஏறத்தாழ 500 அடி நீளம், 300 அடி அகலம், 12 அடி உயரச் சுவர், சுற்றி முள்வேலி. இந்தக் கணக்கைச் சொன்னது நம் ஆட்கள் இல்லை. அந்தப் போரில் எதிர்த் தரப்பில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ராணுவ அதிகாரி 1830-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார். அந்த மண் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், உறுதியானது என்று எதிரி வியக்கிறார். மார்ச் 31-ல் அடித்த அடியில் ஏறமுடியாமல் திரும்பினார்கள். அக்னியூ தலைமையில் இன்னும் படை, இன்னும் பீரங்கி வந்து, மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. எல்லாம் மண்சுவர்.

வெல்ஷ் ஊமைத்துரையைப் பற்றி எழுதியதை நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். ஒல்லி உடம்பு, நோஞ்சான் தோற்றம், காதும் கேளாது, வாயும் பேசாது. ஆனால் அவர் சைகை காட்டினால் சனம் அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டதாம். சண்டைக்கு எப்படி உத்தரவு கொடுப்பார் தெரியுமா? இடது உள்ளங்கையில் சில வைக்கோல் துரும்புகளை அடுக்குவார். அதுதான் வெள்ளைக்காரப் படை. பிறகு வலது கையால் அதைச் சட்டென்று வழித்துத் தள்ளுவார், வாயால் 'உஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், ஆள் கிளம்பிவிடும். நான்கு பக்க வசனம் செய்யாத வேலையை நான்கு துரும்பு செய்திருக்கிறது.

கோட்டை விழுந்த பிறகு நடந்தது இன்னும் பெரிய கதை. பிணக்குவியலில் மகனைத் தேடி வந்த ஒரு தாய், உயிர் ஊசலாடும் தன் பிள்ளையைக் கண்டுபிடிக்கிறாள். அவன், என்னை விடு, அங்கே கிடக்கிற சாமியைத் தூக்கிக்கொண்டு போ என்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. பெண்கள் அவரைச் சுமந்து வந்து வீட்டில் கிடத்துகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருகிறார்கள். உடனே ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, அம்மை வார்த்துப் பிள்ளை போய்ச்சேர்ந்துவிட்டது என்று ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டார்கள். இதுவும் வெல்ஷ் எழுதியதுதான். அந்தத் தாயின் பெயரை அவர் எழுதவில்லை. நமக்கு எட்டப்பன் பெயர் மறக்காது, அவள் பெயர் தெரியாது.

உயிர் பிழைத்த ஊமைத்துரை மருது சகோதரர்களோடு போய்ச் சேர்ந்து, கடைசியில் பிடிபட்டு, 1801 நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். கோட்டையை மறுபடி இடித்து, ஏர் ஓட்டி, ஆமணக்கு விதைத்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு. பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரே சர்க்கார் ஏட்டில் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்களாம்.

பெயரை அழிக்கச் சொன்ன கும்பினி போன பிறகு பெயர் வைக்கிற காலம் வந்தது. ம.பொ.சி. 1940-களின் கடைசியில் கட்டபொம்மனைப் பற்றி எழுத ஆரம்பித்தார். அதை வைத்துத்தான் படம். தமிழ்வாணன் கட்டபொம்மன் கொள்ளைக்காரன் என்று எதிர்த்து ஒரு புத்தகமே போட்டார். இரண்டு பக்கமும் ஆதாரம் வைத்திருந்தார்கள். ஆனால் சிவாஜி ஒரு பக்கம் நின்றுவிட்டதால் வழக்கு தள்ளுபடி. கெய்ரோ பட விழாவில் 1960-ல் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்ததும் மேல்முறையீட்டுக்கும் வழியில்லாமல் போயிற்று.

பெயர் வைப்பதில் எங்கள் ஜில்லாவுக்கு இணை கிடையாது. 1974-ல் திருநெல்வேலியில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் வந்தது. அதன்பிறகு எங்கள் பேச்சுவழக்கில் கட்டபொம்மன் அஃறிணையாகவும் இல்லாமல் உயர்திணையாகவும் இல்லாமல் ரோட்டில் ஓடத் தொடங்கினார். "கட்டபொம்மன் போயிட்டானா?" "இப்பதான் போனான். பத்து நிமிசத்துல அடுத்தவன் வருவான்." "இந்தக் கட்டபொம்மன் குறுக்குச்சாலையில நிப்பானா?" கயத்தாறு நிறுத்தத்தில் கட்டபொம்மன் நிற்பதும், 'கயத்தாறு எறங்கு' என்று நடத்துநர் கத்துவதும், ஒருத்தர் மனசையும் உறுத்தியதாக எனக்கு நினைவில்லை.

1986 அக்டோபர் 20-ல் ஜில்லாவைப் பிரித்தார்கள். கிழக்குப் பாதி சிதம்பரனார் மாவட்டம். மேற்குப் பாதிக்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர். இதில் வேடிக்கை என்னவென்றால், பாஞ்சாலங்குறிச்சி சிதம்பரனாரிடம் போய்விட்டது. கயத்தாறும் போய்விட்டது. கட்டபொம்மன் மாவட்டத்தில் கட்டபொம்மன் பிறந்த மண்ணும் இல்லை, மாண்ட மண்ணும் இல்லை. 1990-ல் விஜயநாராயணத்தில் கடற்படை ஒரு தொலைத்தொடர்பு நிலையம் அமைத்து ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்று பெயர் சூட்டியது. கடலுக்கு அடியில் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. கப்பலே வைத்திராத கரிசல்காட்டு மனிதருக்கு இந்தப் பொறுப்பு. பேசாதவர்களோடு பேசுவதுதான் வேலை என்றால் தம்பி பெயரை வைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். முத்துக்குளிப்பு 1961-லேயே நின்றுபோன எங்கள் ஊர் இன்னும் முத்துநகர் என்ற பெயரில் கடற்கரையும் எக்ஸ்பிரஸ் ரயிலும் வைத்திருக்கிறது. ஆகவே பொருள் இல்லாமல் பெயரைக் காப்பாற்றுவது எங்களுக்குப் புதுசல்ல.

பிறகு வந்தது 1997. விருதுநகரில் புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். சுந்தரலிங்கம் யார்? பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்துக் கவர்னகிரிக்காரர். கட்டபொம்மனின் தளபதி, கும்பினியின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்து அதிலேயே உயிர்விட்டவர் என்று ஊர் கொண்டாடும் வீரர். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சாதியைச் சொல்லி ஒரு கூட்டம் கிளம்பியது. கல் பறந்தது, வெட்டு, குத்து, தீவைப்பு. கடைசியில் அரசு வேறு வழியில்லாமல் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எல்லாப் பேருந்துகளிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. கட்டபொம்மனும் இறங்கினார், சிதம்பரனாரும் இறங்கினார். 1801-ல் பீரங்கி வைத்து ஆங்கிலேயன் அரைகுறையாகச் செய்த வேலையை நாம் ஒரு டப்பா பெயிண்டில் சுத்தமாகச் செய்து முடித்தோம். ஒரே கோட்டைக்குள் நின்று சண்டை போட்ட இரண்டு பேருக்கு ஒரே ரோட்டில் ஓட இடமில்லை.

பெயிண்ட் அடித்த புதுசில் எங்கள் தெருப் பாட்டி ஒருத்தி பஸ் நிலையத்தில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "எய்யா, கட்டபொம்மன் இனிமே வரமாட்டானா?" "அவன்தான் பாட்டி வாரான். பேரு மட்டும் இல்ல."

இப்போது கதைக்கு வருகிறேன். போன பொங்கல் லீவுக்குப் பெங்களூரிலிருந்து பேத்தி வந்திருந்தாள். மதுரை நான்குவழிச் சாலையில் போய்க் குறுக்குச்சாலையில் திரும்பினால் போதும், கால் நீட்டி உட்காருவதற்குள் ஊர் வந்துவிடுகிறது. ஏட்டிலிருந்து எடுக்கச் சொன்ன பெயர் பச்சைப் பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. காரில் வழி சொல்லும் கூகுள் அம்மணி அதைச் சொல்லத் திணறியதைக் கேட்டால் கும்பினி அதிகாரிகள் திருப்திப்பட்டிருப்பார்கள். பருத்திக் காட்டுக்கு மேலே காற்றாலைகள் சுற்றுகின்றன. அந்தக் காலத்தில் கோட்டை வாசல்தான் உயரம். இன்று காற்றாலைக் காலடியில் அது பொம்மைக் கொலுவில் வைத்தது போல இருக்கிறது.

உள்ளே ஒரு கல்யாண ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை; அதற்கு முன்னால் எடுக்கிற படமாம். மாப்பிள்ளை கையில் வாடகைக் கத்தி, கண்ணில் கூலிங்கிளாஸ். புகைப்படக்காரப் பையன் தரையில் படுத்துக்கொண்டு கட்டளை போட்டான். "அண்ணா, கொஞ்சம் கோவமா பாருங்க. அக்கா, நீங்க வெக்கப்படுங்க. இல்லக்கா, அவ்வளவு வேண்டாம்."

பேத்தி கேட்டாள். "தாத்தா, அந்த அண்ணன் யாரு, கட்டபொம்மனா?"

"இல்லம்மா, மாப்பிள்ளை."

"அப்ப கத்தி எதுக்கு?"

நான் யோசிப்பதற்குள் வாசலில் பனங்கிழங்கு விற்ற ஆச்சி பதில் சொன்னாள். "கல்யாணம் பண்ணப் போறாம்லா தாயி, தேவப்படும்."

இந்த இடத்தில் கோட்டை எழும்பியதற்கு ஒரு கதை உண்டு. வேட்டை நாயை ஒரு முயல் எதிர்த்து நின்று விரட்டியதாம். அந்த மண்ணுக்கே வீரம் உண்டு என்று அங்கே கோட்டை கட்டினார்களாம். பேத்திக்கு இதைச் சொன்னேன். நிழலில் படுத்திருந்த ரெண்டு நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கின. முயலைக் காணோம்.

"இது ஒரிஜினலா தாத்தா?"

"ஒரிஜினல்தாம்மா. 1974 ஒரிஜினல்."

கேலியாகச் சொல்லவில்லை. அந்தச் சிமெண்டுக்கும் ஐம்பது வயசு தாண்டிவிட்டது. மூன்று தலைமுறை அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டாகிவிட்டது. இன்னும் ஐம்பது வருஷம் போனால் நினைவுக் கோட்டைக்கே நினைவுச்சின்னம் வைக்கச் சொல்லி யாராவது மனுக்கொடுப்பார்கள். ராஜஸ்தானத்து மகாராஜாவுக்குப் பொருந்தும் மதிலும் வளைவும், கரிசல்காட்டுப் பாளையக்காரருக்கு எப்படி வந்தன என்று மட்டும் கேட்கக் கூடாது. சினிமாவில் அப்படித்தான் இருந்தது. கட்டபொம்மன் என்றால் சிவாஜி, கோட்டை என்றால் செட்டு என்று மனசில் பதிந்த பிறகு, மண்சுவரை எழுப்பிக் காட்டியிருந்தால் நாங்களே மறியல் செய்திருப்போம். இவ்வளவுதானா கட்டபொம்மன் கோட்டை என்று.

ஒரு விஷயம் அன்றைக்கு இருந்ததைவிட இன்று கூடியிருக்கிறது: போலீஸ். சித்திரை கடைசி வெள்ளி, சனிக்கிழமைகளில் வீரசக்கதேவி ஆலயத் திருவிழா. ஊர் ஊராக ஜோதி எடுத்துக்கொண்டு வருவார்கள். அதற்கு முன்னாடியே மாவட்டத்தில் தடை உத்தரவு வந்துவிடும். வாளும் கம்பும் கொண்டுவரக் கூடாது, வெளிமாவட்ட வண்டிக்குக் கட்டுப்பாடு, ஊரைச் சுற்றிக் காக்கிச் சட்டை. 1801-க்குப் பிறகு பாஞ்சாலங்குறிச்சிக்கு இத்தனை படை வருவது இதற்குத்தான். அன்று வெளியாள் உள்ளே வராமல் இருக்கச் சண்டை. இன்று நமக்குள் அடித்துக்கொள்ளாமல் இருக்கக் காவல். 1997-ஐப் பார்த்தவன் என்பதால் நான் போலீஸைக் குறை சொல்லமாட்டேன்.

பேத்தியைப் பழைய கோட்டை இருந்த பக்கம் கூட்டிப்போனேன். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம். எங்கள் வரலாற்று சார் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டாரே, அதே மண். "இங்க ஒண்ணுமே இல்லியே தாத்தா" என்றாள். உண்மைதான். அதனால் உட்காரவைத்து ஊமைத்துரை கதையைச் சொன்னேன். கீழே கிடந்த காய்ந்த புல்லை எடுத்து அவள் உள்ளங்கையில் அடுக்கினேன். இது கும்பினிப் படை. இப்போது வழித்துத் தள்ளு. 'உஸ்' என்று தள்ளினாள். மறுபடி அடுக்கினாள், மறுபடி தள்ளினாள். கிளம்பலாம் என்று கூப்பிட்டும் வரவில்லை. கோட்டைக்குள் எடுத்ததையெல்லாம் அன்று ராத்திரியே அவள் அம்மா போனில் ஏற்றிவிட்டாள், பின்னணியில் சிவாஜி குரல். துரும்பு தள்ளியதை மட்டும் போடவில்லை. அதற்குப் பொருத்தமான ஆடியோ கிடைக்கவில்லையாம்.

பக்கத்தில் கும்பினிச் சிப்பாய்களின் கல்லறைகளும் இருக்கின்றன. கோட்டையை ஏற வந்து செத்தவர்கள். கும்பினிக்காரன் செத்த இடம் அசல், நம் ஆள் வாழ்ந்த இடம் நகல் என்பதைப் பேத்தியிடம் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அபிப்பிராயம் உண்டு. 1974-ல் கட்டியது தப்பே இல்லை. அது இல்லாவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்து பஸ் அந்தப் பக்கம் திரும்பியிருக்காது, அந்த ஆடு மேய்க்கும் பெரியவர் விரலை நீட்டியிருக்கவும் மாட்டார். தப்பு, வசனம் முடிந்ததும் நாம் எழுந்து வந்துவிட்டதில்தான். செப்டம்பர் 5 பானர்மேன் கோட்டையைத் தாக்கிய நாள். ஓட்டப்பிடாரத்தில் 1872-ல் வ.உ.சி. பிறந்ததும் அதே செப்டம்பர் 5. ஆசிரியர் தினமும் அன்றுதான். வ.உ.சி.க்கு மாலை விழும், வாத்தியார்களுக்குப் பேனா கிடைக்கும். சண்டை நடந்ததை ஒருத்தரும் சொல்வதில்லை. எங்கள் வரலாற்று சாரும் சொன்னதில்லை.

ஆகவே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிமெண்டுக் கோட்டையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கத்தி பிடித்தாலும் பரவாயில்லை. சுவரில் எழுதாதீர்கள். பிறகு வெளியே வந்து, பழைய கோட்டை எங்கே என்று ஊர்க்காரர் யாரையாவது கேளுங்கள், காட்டுவார்கள். கல்லறைகளையும் பாருங்கள். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், கரிசலில் மத்தியானம் நிழல் கிடைக்காது. தண்ணீர் கையோடு இருக்கட்டும். திரும்பும்போது ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. இல்லத்தையும் பார்த்துவிட்டு வரலாம், மூன்று கிலோமீட்டர்தான்.